பியானோவும் மேல்காற்றும்

சென்னையில் பியானோ வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வெகுகாலமாக இருந்து வருகிறது. கடலோர ஈரம்தான் பியானோவுக்கு எமன். சாந்தோமிலும் ராயபுரத்திலும் இருக்கும் பியானோ சீக்கிரம் கெட்டுப்போகும், மேற்கே போகப் போகப் பிழைத்துக்கொள்ளும் என்பது அது. இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசையில் வீடு வாங்கிக் குடியேறும் குடும்பம் தன் பியானோவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கடல் அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. உப்புக்காற்றின் கடுமை அங்கே குறைவு. ஆனால் மதராஸில் பியானோ பட்ட பாட்டின் இரு நூற்றாண்டுக் கதையைக் கவனித்துப் பார்த்தால், அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை என்று தெரிகிறது. பியானோவை உடைப்பது ஈரத்தைவிட, ஈரத்தின் ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கம் மெரினாவில் இருப்பதைவிடத் திருமழிசையில் அதிகம். நம் ஊரில் இந்தக் கருவியைக் காப்பாற்ற நடந்த முயற்சிகளில் எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்பதை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

முதலில் மரத்தின் கணக்கு. வெட்டி, அறுத்து, உலர்த்தி, மெருகு பூசிய பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதையும் திருப்பிக் கொடுப்பதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நீராக இருக்கும். 50 சதவீதத்தில் அது 9 ஆகும். 35 சதவீதத்தில் 7க்கு இறங்கிவிடும். பியானோவின் உயிர் அதன் ஒலிப்பலகையில் இருக்கிறது. ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் இழைத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, நடுவில் மெல்ல மேடாக வளைத்துச் செய்வது அது. நம் மழைக்காலத்து ஈரத்துக்கும் மேல்காற்றுக் காலத்து வறட்சிக்கும் இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை, தடையில்லாமல் விட்டால், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விரிந்து சுருங்கும். பியானோவில் பலகையின் விளிம்பு இறுக்கிப் பிடிக்கப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் விரிய வழியில்லை, மேல்நோக்கிப் புடைக்கிறது. புடைக்கும்போது, தந்திகளைத் தாங்கும் குதிரைகள் என்னும் கட்டைகளைத் தூக்குகிறது, குதிரைகள் தந்திகளை இழுக்கின்றன, சுருதி ஏறுகிறது. உலர்ந்தால் எல்லாம் இறங்குகிறது. சுமார் 230 தந்திகள் சேர்ந்து 18 டன் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிக்குள் இது ஆண்டுதோறும் நடக்கிறது. விரிய இடமில்லாமல் நசுங்கிய மர இழைகள் உலர்ந்த மாதங்களில் பழைய அளவுக்கும் கீழே சுருங்கும். அப்போதுதான் பலகை பிளக்கும். பிளவு கோடையில் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதற்கான அடி மழைக்காலத்திலேயே விழுந்துவிடுகிறது. ஈரம் தனியாகவோ வறட்சி தனியாகவோ செய்யாத வேலை இது. இரண்டும் மாறி மாறி வருவதால் நேர்வது.

இனி திருமழிசையின் காற்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது கடற்கரைக்கும் திருமழிசைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காலை ஈரப்பதம் இரண்டு இடத்திலும் 80 சதவீதத்துக்கு மேல்தான். வித்தியாசம் வைகாசியிலும் ஆனியிலும் தெரியும். அந்த மாதங்களில் ஆந்திர, கர்நாடக மேட்டு நிலங்களைக் கடந்து வரும் மேல்காற்று காலையிலிருந்தே வீசும். கடற்கரையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்து ஈரத்தை மீட்டுக்கொடுத்துவிடும். அந்தக் கடற்காற்று பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் எட்டிப் பார்க்கப் பிற்பகல் வெகுநேரம் ஆகும்; மேல்காற்று பலமான நாள்களில் எட்டாமலே போகும். வெயில் 40 டிகிரியைத் தொடும் அத்தகைய பகல்களில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இரவில் மறுபடி ஏறும். ஆண்டுக்கு ஒரு பெரிய ஊசல், அதற்குள் நாளுக்கு ஒரு சிறிய ஊசல். கடலோர பியானோவுக்குத் துரு அதிகம், ஆட்டம் குறைவு. திருமழிசை பியானோவுக்குத் துரு குறைவு, ஆட்டம் அதிகம்.

நம்முடைய கருவிகளுக்கும் இதே காற்றுதான். அவை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் பியானோவின் சங்கடம் இன்னும் துலங்கும். பறை அடிக்கிறவர் அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார். ஈரம் வெளியேறித் தோல் விறைத்ததும் ஓசை எழும்புகிறது. கஞ்சிராக்காரர் அதற்கு நேர்மாறாகத் தோலின் உட்புறம் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குகிறார். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை அப்பி, அது கச்சேரி நடுவில் காய்ந்தால் நனைத்து, வலந்தலையின் விளிம்பைக் கல்லால் தட்டிச் சரிசெய்கிறார்கள். வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் நிற்கின்றன. வெயிலில் மெழுகு இளகி இடம் மாறினால் மறுபடி மேளம் கட்டலாம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம் தேடுகிறவர்கள் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் விரும்பி வாங்குவதற்குக் காரணம், பல பத்தாண்டுகள் இந்த ஊர்க் காற்றிலேயே இருந்து அடங்கிய மரம் அது என்பதுதான். இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. காற்று மாறும் என்பதை இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதைச் சரிக்கட்டும் வழியை வாசிப்பவரின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பியானோவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 230 தந்திகளை வாசிப்பவர் திருக முடியாது. அதற்குத் தனிச் சாவியும் பயின்ற காதும் அரை நாள் பொழுதும் வேண்டும். ஆகவே பியானோவைக் காப்பதென்றால் அது நிற்கும் அறையின் காற்றைக் காப்பதாகிறது. அப்படி ஒரு தேவை இங்குள்ள கருவிகளுக்கு இருந்ததில்லை.

வயலினோடு ஒப்பிட்டால் இது விளங்கும். இரண்டும் ஐரோப்பியரோடு வந்தவை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்த சில தலைமுறைகளில் அது கர்நாடகக் கச்சேரியின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது. பியானோ அப்படி ஆகவில்லை. கமகம் பிடிக்காத, நிலையான சுரங்களைக் கொண்ட கருவி என்பதே அதற்கு முதற்காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டுமே காரணமென்றால், அதே குறையுள்ள ஆர்மோனியம் நாடக மேடைகளிலும் பஜனை மடங்களிலும் எப்படி நுழைந்தது? பாரிஸில் 1842இல் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கையடக்கமாக மாற்றிக்கொடுத்தார். அதில் ஒலிப்பது பித்தளை நாக்கு. ஈரத்தில் மரம் உப்பினாலும் நாக்கின் சுருதி பெரிதாக நகராது. மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். விலையும் எடையும் சேர்ந்தே பியானோவைத் தள்ளிவைத்தன என்றாலும், காற்றுக்கு ஈடுகொடுக்கும் திறனுக்கும் அந்தத் தீர்ப்பில் பெரும் பங்கு இருந்தது என்பது என் எண்ணம்.

பியானோ மதராஸுக்கு வந்து சேர்ந்த விதமே அதற்கு முதல் சோதனை. செயற்கைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை நெருங்கும்போதுதான் அமைந்தது. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்ச, சரக்குகள் மசூலாப் படகுகளில் ஏறி அலைகளைத் தாண்டி மணலில் இறங்கின. வெப்ப நாடுகளுக்குப் போகும் பியானோவைத் துத்தநாகத் தகடு வேய்ந்த பெட்டியில் அடைத்து, விளிம்புகளை ஈயம் வைத்து மூடி அனுப்புவது வழக்கம். அந்தப் பெட்டிக்குள் இருந்தது லண்டன் காற்று. பெட்டியைத் திறந்த நாளில்தான் மதராஸ் காற்று மரத்தைத் தொட்டது. அதோடு முடிந்துவிடவில்லை. பெங்களூர்ப் பாசறைக்குப் போகவேண்டிய சரக்கு, பூந்தமல்லி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் வழியான பெருஞ்சாலையில் மாட்டுவண்டியில் போகவேண்டியிருந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையம் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலையில். பெங்களூர்ப் பாசறையை ரயில் எட்டியது 1864இல். அதற்கு முன்பு மேற்கே போன எந்தக் கனமான இசைக்கருவிக்கும் இந்தச் சாலையே வழி. பூந்தமல்லியிலும் பிரிட்டிஷ் படைகளுக்கான பாசறை இருந்தது; புதிதாக வந்திறங்கிய சிப்பாய்களையும் நோயிலிருந்து தேறுபவர்களையும் அங்கே தங்கவைத்தார்கள். கடலோர ஈரத்திலிருந்து புறப்பட்டு, மேல்காற்றின் வறட்சியைக் கடந்து, மைசூர் மேட்டு நிலத்தின் குளிர்ச்சிக்குச் சில வாரங்களுக்குள் போய்ச் சேர்ந்த மரத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை மேலே சொன்ன கணக்கே சொல்லிவிடும். கடல் ஈரத்தைவிட்டு விலகுவது மட்டுமே காப்பு என்றால், பாதுகாப்பை நோக்கிய பயணமாக அது இருந்திருக்க வேண்டும். மரத்துக்கு அதுவே ஆபத்தான பயணம்.

பியானோ செய்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லண்டன், பெர்லின் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்று தனிக் கருவிகளைச் செய்து விளம்பரப்படுத்தின. பெட்டிக்குத் தேக்கு, ஒட்டுப் பசையை மட்டும் நம்பாமல் மூலைகளிலும் இணைப்புகளிலும் பித்தளைத் திருகாணிகள், கம்பளித் துண்டுகளைப் பசையோடு தையலும் போட்டுப் பொருத்துவது, எலியும் பூச்சியும் நுழையாமல் துளைகளுக்கு உலோக வலை. இவற்றில் பலவும் அறிவோடு செய்யப்பட்டவை. அக்காலப் பசை விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. நீடித்த ஈரத்தில் இளகிவிடும். தேக்கு ஸ்ப்ரூஸைவிடக் குறைவாகவே சுருங்கி விரியும்; கரையானும் எளிதில் அண்டாது. எனவே பெட்டி நின்றது. பெட்டிக்குள் இருந்த ஒலிப்பலகை மட்டும் அதே ஸ்ப்ரூஸ்தான். அதைத் தேக்கில் செய்தால் பியானோவின் குரலே போய்விடும். அதாவது ஈரம் என்ற ஒரே எதிரியை நினைத்துச் செய்த மாற்றங்கள் ஈரத்தின் கெடுதல்களை மட்டும் தடுத்தன. ஆட்டத்தைத் தாங்கக் கற்றுக்கொடுத்த மாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. பாஸ்டனில் 1825இல் ஆல்ஃபியஸ் பாப்காக் முழு வார்ப்பிரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். பனிக்காலத்தில் கணப்பு மூட்டிய வறண்ட வீடுகள், கோடையில் புழுங்கும் ஈரம் என்று இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஆடும் ஊர் அது. தந்திகளின் இழுவையை மரத்திடமிருந்து பிரித்து இரும்பிடம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. இன்று தந்தி பூட்டிச் செய்யப்படும் ஏறத்தாழ எல்லா பியானோக்களுக்கும் இரும்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இழுவையைத் தாங்குகிறது. ஒலிப்பலகை புடைப்பதை அதனால் நிறுத்த முடியாது.

கருவியில் முடியாததை வீடு ஓரளவு செய்தது. இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். மதராஸின் பழைய தோட்ட வீடுகளின் சுவர்கள் கனமான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. மேலே தேக்குக் கட்டைகளைப் பரப்பி, செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம், பச்சை அடித்த சாத்துக்கதவுகள். வெயில் சுவரைத் தொடுவதற்கே வெகுநேரம் ஆகும். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்து, காற்று உலர்ந்தபோது திருப்பிக் கொடுக்கும். வெளியே ஈரப்பதம் பகலுக்கும் இரவுக்கும் துள்ளினாலும் உள்ளறையில் அது நிதானமாகவே நகர்ந்தது. மேல்காற்று வீசிய மாதங்களில் மேற்கு வாசல்களில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். மனிதர்களுக்குக் குளிர்ச்சி வேண்டிச் செய்தது அது. உலர்ந்த காற்று ஈரமான வேர் வழியே நுழைந்ததால், மரம் வெடிக்கக்கூடிய அந்த வாரங்களிலேயே அறையின் ஈரப்பதம் பள்ளத்தில் விழாமல் நின்றது. பியானோவை நினைக்காமலே பியானோவுக்குச் செய்த மிகச் சரியான உதவி அது. ஈரம்தான் எதிரி என்று நம்பிய ஒருவர், பியானோ இருக்கும் அறையில் தண்ணீர் தெளித்த தட்டியைக் கட்டாதே என்றுதான் சொல்லியிருப்பார்.

நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடம் 1792இல் எழுந்தது. அங்கே 1796 முதல் வானிலைக் குறிப்புகள் தொடர்ந்து எழுதப்பட்டன. காற்றின் ஈரத்தைத் தலைமுடியின் நீட்சியால் அளக்கும் கருவியை ஜெனீவாவின் சொசூர் 1783இலேயே விவரித்துவிட்டார். அறிவியல் இத்தனை அருகில் இருந்தும், வீட்டுக் கூடத்தில் ஓர் ஈரமானியை மாட்டி, பியானோவின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இங்கே பரவவே இல்லை. அந்த வேலையைக் காதால் செய்தவர்கள் சுருதி சேர்ப்பவர்கள். மதராஸில் இசைக்கருவி வணிகத்தின் மூத்த நிறுவனம், வாலஸ் மிஸ்க்வித் 1842இல் தொடங்கிய மிஸ்க்வித் கம்பெனி. மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் அண்ணா சாலையில் அது இன்றும் நடக்கிறது, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்கும் அதுவே பல தலைமுறை மாணவர்கள் போய்வந்த இடம். இத்தகைய கடைகளின் பிழைப்பு, விற்பதில் பாதி என்றால் பழுதுபார்ப்பதில் பாதி. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது பழுதுபார்ப்பின் பங்கு கூடியது. புது பியானோ வருவது அரிதானது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற, அவர்கள் விட்டுப்போன கருவிகள் தேவாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் கோடம்பாக்கத்துக்கும் கை மாறின. அவற்றை உயிரோடு வைத்திருந்தது சுருதிக்காரர்களின் கை.

அந்தக் கைகள் கையாண்ட ஓர் உபாயம் பியானோவுக்குள் மின்விளக்கு. நிமிர்ந்த பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி, பெடல்களுக்கு அருகே 25 அல்லது 40 வாட் குண்டு பல்பை எரியவிடுவது. மின்சாரம் வந்த ஈர நாடுகள் பலவற்றிலும் இது தென்படுகிறது. அமெரிக்காவில் 1947இல் தொடங்கிய டாம்ப் சேசர் கம்பெனி இதையே ஒரு சூடேறும் கம்பியாகச் செய்து விற்றது. உபாயம் நல்லது. 30 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்றை மூன்று டிகிரி சூடேற்றினால் அதன் ஈரப்பதம் 72 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கட்டைகளைத் தாங்கும் ஊசிகளைச் சுற்றியுள்ள கம்பளித் துணி உப்பாது. கட்டை அழுத்தினால் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும் தொல்லை போகும். பூஞ்சணமும் துருவும் குறையும். ஆனால் பல்பை ஆண்டு முழுவதும் எரியவிடும் வீடுகள் பல. மேல்காற்று நாளில் 38 டிகிரியில் 35 சதவீதம் இருக்கும் காற்றை இன்னும் மூன்று டிகிரி சூடேற்றினால் ஈரப்பதம் 30க்கு விழும். கார்த்திகையில் மருந்தான அதே பல்பு ஆனியில் நஞ்சு. கடலோரத்தில் இந்தத் தவறு பெரிதாகத் தெரியாது, கடற்காற்று மன்னித்துவிடும். திருமழிசையில் மன்னிக்காது. இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. 2015க்குப் பிறகு எல்.இ.டி. விளக்குகள் மலிந்து குண்டு பல்புகள் அருகிவிட்டன. எல்.இ.டி. வெளிச்சம் தரும், பியானோவுக்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய பழக்கத்தின்படி அதை உள்ளே மாட்டிவைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு அது எந்தக் காப்பும் இல்லை.

ஏசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஏசியின் பிறப்பே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து வண்ணங்கள் விலகிப் பதிந்ததைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார். ஆனால் அச்சகத்துக்கு வேண்டியிருந்தது எப்போதும் ஒரே சீரான ஈரம். வீட்டில் இரவு பத்து மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு அணைக்கிறோம். ஆவணி, புரட்டாசியில் வெளிக்காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளியாகப் படியும் அளவுக்கு ஈரம் சுமந்துவரும் நாள்கள் நமக்கு ஏராளம். இரவெல்லாம் 23 டிகிரியில் இருந்த அறையின் ஜன்னலைக் காலையில் திறந்தால், அந்தக் காற்று குளிர்ந்த எஃகுத் தந்திகளின் மேல் பனியாகப் படியும். கடலே இல்லாத ஊரில் தந்தி துருப்பிடிக்கும் காரணம் இது. பலகைக்கோ ஒவ்வொரு இரவும் ஒரு வறட்சி, ஒவ்வொரு காலையும் ஒரு மழைக்காலம். நாள் முழுவதும் ஏசி ஓடும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பியானோ சுகமாக இருக்கும். ஏசியே இல்லாத, காற்று நிதானமாக நகரும் அறையிலும் ஓரளவு சுகமாக இருக்கும். விட்டு விட்டு ஏசி ஓடும் படுக்கையறைதான் அதற்கு ஆகாத இடம். புதுப்புறநகரின் மெல்லிய கான்கிரீட் சுவரும் பிளாஸ்டிக் வண்ணப்பூச்சும் சுண்ணாம்புச் சுவரைப் போல ஈரத்தைத் தாங்கி வைப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்துச் சொல்லக்கூடிய வலுவான வாதம் வேறொன்று. நூறு வயதைத் தாண்டிய பியானோக்கள் எந்தக் கருவியும் இல்லாமல், எந்த அளவீடும் இல்லாமல் இந்த ஊரில் இன்றும் வாசிக்கப்படுகின்றனவே? உண்மைதான். ஆனால் நாம் பார்ப்பது பிழைத்தவற்றை மட்டும். பிளந்து, ஆணி தளர்ந்து, பூச்சி அரித்து விறகான கருவிகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. பிழைத்தவை பெரும்பாலும் எங்கே பிழைத்தன? கனத்த சுவர் கொண்ட தேவாலயங்களிலும் பழைய பள்ளிக் கூடங்களிலும் தோட்ட வீடுகளின் உள்ளறைகளிலும். அவை இடத்தால் காக்கப்பட்டன. ஆகவே இந்த எதிர்வாதம் என் பக்கமே சாய்கிறது. இன்னொருவர், பியானோ வெள்ளையர் விட்டுச்சென்ற செல்வச் சின்னம், அதற்கு இத்தனை உபசாரமா என்பார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜாவும், 2008இல் ஓர் இசைக் கல்லூரியையே தொடங்கிய ஏ.ஆர். ரஹ்மானும் நம் காதுகளுக்குப் பழக்கிய இசையில் இந்தக் கருவியின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. செல்வத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: பணக்காரரின் பியானோ பிளந்தால் வேறு வாங்குவார். சேமித்த காசில் குழந்தைக்காகப் பழைய ஜப்பானிய பியானோ ஒன்றை வாங்கி மூன்றாவது மாடிக்குக் கயிறு கட்டி ஏற்றிய குடும்பம்தான் இந்த அறியாமைக்கு முழு விலை கொடுக்கிறது. டிஜிட்டல் பியானோ வாங்கினால் தொல்லை இல்லை என்பதும் சரியே. தொடக்கக் கற்றலுக்கு அது போதும், பலருக்கு அதுவே உசிதம். மரப்பலகை அதிர்ந்து எழும் ஒலியை விரும்பி வாங்கியவருக்கு அந்தப் பதில் உதவாது.

திருமழிசைக்குப் பொருந்துவது எது என்று இந்த வரலாற்றைக் கேட்டால், ஈரத்தை விரட்டு என்று அது சொல்லவில்லை. ஐரோப்பியக் கையேடுகள் கேட்கும் 45 சதவீதம் நம் வீடுகளில் எட்டாத இலக்கு. 55க்கும் 70க்கும் இடையே ஆண்டு முழுவதும் நிற்கும் அறை, 45ஐத் தொட்டுவிட்டு 85க்குத் தாவும் அறையைவிட மேல். ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவி இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை பியானோவின் மேல் வைத்து ஒரு வருஷம் பார்த்தால், நுங்கம்பாக்கத்தின் எண்கள் சொல்லாததை அது சொல்லும். மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி, வீட்டின் நடுச்சுவரை ஒட்டி பியானோவை வைக்க வேண்டும். சூடேற்றும் கம்பியை ஐப்பசியில் போட்டுத் தை பிறந்ததும் அணைக்கலாம். ஈரத்தைப் பார்த்துத் தானே அணையும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. வைகாசி, ஆனியில் அறைக்குள் ஒரு தட்டு நீரோ நனைத்த வெட்டிவேர்த் திரையோ இருந்தால், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சுருதி சேர்க்க ஆளை அழைப்பதிலும் நாள் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். மழையின் உச்சத்தில் சேர்த்தால் மாசிக்குள் இறங்கிவிடும், மேல்காற்றின் நடுவில் சேர்த்தால் ஆவணியில் ஏறிவிடும். மழை ஓய்ந்து பலகை அடங்கிய மாசியிலும், மேல்காற்று தணிந்து மாலை மழைகள் தொடங்கிய ஆவணியிலும் சேர்த்தால், சுருதிக்காரர் கொடுத்த உழைப்பு அடுத்த முறை அவர் வரும்வரை பெருமளவு நிற்கும்.